விடுதிக் கட்டிலை அளந்துவிட்டு எழுதுவது

பெக்கோக், ஜொகூர்
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மூத்த அக்கா கிம் லான் அவர்களுக்கு, தம்பி கிம் சுவீ பணிவுடன் எழுதிக்கொள்வது. அத்தானின் முழங்கால் வலியும் உங்கள் பூனையின் தோல் அரிப்பும் குறைய வேண்டுமென்று கோயிலில் சேர்த்தே ஊதுபத்தி ஏற்றினேன். எது முதலில் குணமானாலும் சந்தோஷம். இங்கே நான், லை பெங், மகள் லின் யூ மூவரும் சுகம். டயர் வியாபாரம் சுமார்தான். சாலையில் பள்ளங்களை மூடிவிட்டார்கள், யாரிடம் போய்ச் சொல்வது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் என்றால் நான் வாய் திறப்பதற்குள் "இந்தா, அத்தான்கிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுவீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பினாங்கு சித்தப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுதும் படியுங்கள்.

இன்றைய சீனப் பத்திரிகையில் உள்ளூர்ப் பக்கத்தில் என் படத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊர்ச் சுயேச்சைப் பள்ளியின் நிதி விழாவில், இடுப்பில் ஏப்ரன் கட்டி, தலையில் பள்ளிக்கூடத் தொப்பி போட்டு, வாணலியில் குவேத்தியாவ் நூடுல்ஸ் வறுத்துக்கொண்டு சிரிக்கிறேன். கீழே 'உற்சாகமான பெற்றோர்' என்று போட்டிருக்கிறார்கள். அக்கா, நான் உற்சாகமாக இல்லை. அது சிரிப்பும் இல்லை, மிளகாய்ப் புகை. மகளை அந்தப் பள்ளியில் சேர்க்க நான் ஒப்புக்கொண்டேன் என்று காலையிலிருந்து எட்டுப் பேர் வந்து வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். நடந்தது வேறு. இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள். அது நீங்கள்தானோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. தவறாக நினைக்க வேண்டாம்.

லின் யூ இந்த ஆண்டோடு ஆரம்பப் பள்ளியை முடிக்கிறாள். இங்கே அரசாங்க இடைநிலைப் பள்ளி இருக்கிறது, டயர்க்கடை வாசலில் நின்றால் அதன் கொடிக்கம்பம் தெரியும். மணி அடித்த கையோடு வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் ஊரில் இருப்பது நம் சீனர்கள் கைக்காசு போட்டு நடத்தும் பள்ளி. பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அதனால் விடுதி. ஆறு வருடம். இதில் நான் யோசித்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். ஆனால் என் சார்பில் இந்த ஊரே முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் உங்கள் காலண்டர். புத்தாண்டுக்கு ஏன் அந்தப் பள்ளி அச்சடித்த காலண்டரை அனுப்பினீர்கள்? மாதத்துக்கு ஒரு படம். ஜனவரியில் புதுக் கட்டடம், பிப்ரவரியில் நூலகம், மார்ச்சில் விடுதிப் பெண்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறார்கள். அது எப்படி என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டப்பட்டது? நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் காலையில் நேராக இருந்தது. லை பெங்கைக் கேட்டேன். "காத்து அடிச்சிருக்கும்" என்றாள். ஆணியில் தொங்கும் காலண்டரைக் காற்று அடித்துக் கவிழ்க்கும், நிமிர்த்துமா?

அடுத்தது மேளம். அந்தப் பள்ளி மாணவர்கள் பெரிய பெரிய மேளங்களோடு லின் யூவின் பள்ளிக்கு வந்து, சபை நடுவில் நின்று அடித்துவிட்டுப் போனார்கள். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? அன்றிலிருந்து இவள் இரண்டு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு என் கடையில் அடுக்கி வைத்த டயர்கள் மேல் அடிக்கிறாள். லாரி டயருக்கு ஒரு சத்தம், மோட்டார் சைக்கிள் டயருக்கு ஒரு சத்தம். வீல் அலைன்மென்ட் செய்ய வந்தவர்கள் வேலை முடிந்தும் நகராமல் நின்று கேட்கிறார்கள். "பாப்பா, இன்னொரு தடவை அடி" என்று கேட்டு வாங்கி ரசிக்கிறார்கள். நன்றாகத்தான் அடிக்கிறாள். அதுதான் தொல்லை.

கோப்பிக்கடை ஆ கியாட்டைத் தெரியும் அல்லவா, அந்தப் பள்ளியில் படித்தவன். அவனை மடக்கலாம் என்று போனேன்.

"அந்த ஸ்கூல் சர்ட்டிபிகேட்ட நம்ம அரசாங்கப் பல்கலைக்கழகத்துல எடுத்துக்க மாட்டாங்களாமே?" என்றேன்.

"தைவான்ல எடுத்துக்கிறான், சிங்கப்பூர்ல எடுத்துக்கிறான். நீ விக்கிற டயரு பெக்கோக்குக்குள்ள மட்டும் ஓடினாப் போதுமா?"

"அப்ப படிச்சு முடிச்சிட்டு தைவானுக்குப் போயிடுவாளா?"

"போனா என்ன இப்ப?"

கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். போனா என்ன என்று எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறான் பாருங்கள். அவனுக்குப் பிள்ளையே கிடையாது.

அந்தப் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு. நல்ல ஒழுக்கம், மூன்று மொழி, கணக்கில் புலி. பாடம் பண்ணிக் கொடுத்தது போல இருந்தது. கடைசியில் லாரி ஓட்டும் தான் பூன் என்பவன் கிடைத்தான். "சோறு கல்லு மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியாரு மனுசனே இல்ல. முடி காதைத் தொட்டா வெட்டிட்டுத்தான் விடுவாங்க" என்றான். அப்பாடா, ஊரில் ஒரு நேர்மையான மனிதனாவது இருக்கிறானே என்று பீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "என் மூணு பிள்ளைங்களும் அங்கதான். நாலாவதுக்கும் சொல்லி வெச்சிருக்கேன்" என்கிறான்.

"ஏன்யா, உனக்கென்ன பைத்தியமா?"

"நான் மட்டும் பட்டாப் போதுமா? அதுங்களும் படட்டும்."

இதையெல்லாம்விட பெரிய சந்தேகம் லை பெங் மேல்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து மீன் விலை முதல் மேலவீட்டுக்காரர் பல்செட்டு வரை எதிலும் அபிப்பிராயம் சொல்லாமல் விட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை. "நீங்க எது செஞ்சாலும் சரி" என்றாள்.

சரி, நேரில் போய் உளவு பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை நிதி விழாவுக்குக் கிளம்பினேன். தனியாகப் போனால் சந்தேகப்படுவார்கள் என்று இருவரையும் கூட்டிக்கொண்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை, மன்னிக்கவும். உளவு பார்க்கப் போகிறவன் ஊரைக் கூட்டிக்கொண்டா போவான்? லை பெங் நேராக ஆவியில் வெந்த பாவ் ரொட்டி விற்கும் இடத்துக்குப் போய்விட்டாள். நான் வாசல் தாண்டி நாலு அடி வைக்கவில்லை, எதிரே அத்தான் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, கூப்பன் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக விற்றுக்கொண்டு வருகிறார். முழங்கால் வலி என்று சொன்னீர்கள், அவர் வந்த வேகத்தைப் பார்த்தால் எனக்கு அதிலும் சந்தேகம். சட்டென்று பக்கத்தில் இருந்த குவேத்தியாவ் கடைக்குள் நுழைந்து, முகம் தெரியக்கூடாதென்று வாணலிக்கு மேல் குனிந்து நின்றேன்.

அங்கே ஒவ்வொரு கடையையும் ஒரு வகுப்புப் பெற்றோர் நடத்துகிறார்கள். வாணலிக்குப் பின்னால் நிற்பவன் பெற்றோர், முன்னால் நிற்பவன் வாடிக்கையாளர். நடுவில் ஒளிந்துகொள்ள இடமே வைக்கவில்லை. "அப்பாடா, ஒரு வழியா வந்துட்டீங்களா" என்று ஒரு அம்மா என் தலையில் தொப்பியை வைத்து, இடுப்பில் ஏப்ரனைக் கட்டி, கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு, வறுவலில் போடச் சிப்பி வாங்கப் போய்விட்டார். வரிசையோ வாசல் வரைக்கும் நிற்கிறது. பசியோடு நிற்கிறவர்களிடம் நான் உளவாளி என்றா சொல்ல முடியும்? வறுத்தேன். கல்யாணத்துக்கு முன்பு சித்தப்பா கடையில் வறுத்த கை, மறக்கவில்லை போலிருக்கிறது. ஒருவர் இரண்டாவது தட்டு கேட்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகிவிட்டது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் வரிசையில் லின் யூ.

"அப்பா, ஒரு தட்டு. முட்டை நல்லா முறுகலா."

"நீ எங்க போயிருந்த?"

"மேளம் பார்க்க. ஒரு அக்கா குச்சியைக் குடுத்து அடிக்கச் சொன்னாங்க. யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. எங்கப்பா டயருகிட்டன்னு சொன்னேன்." அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை, அக்கா. முட்டை தீய்ந்துவிட்டது.

அடுத்த தட்டு பெண்கள் விடுதிப் பொறுப்பாளர் திருமதி புவாவுக்கு. சாப்பிட்டுவிட்டு, "வாங்க, இன்னைக்குப் பெத்தவங்க உள்ள வந்து பார்க்கலாம்" என்று கூட்டிப்போனார். நான் சும்மா விடவில்லை. சட்டைப்பையில் இருந்த டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தேன். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்த்தேன். மின்விசிறியை ஓடவிட்டுக் கீழே நின்றேன். கொசுவலையில் ஓட்டை இருக்கும் என்று எவ்வளவோ தேடினேன். ஒன்றுகூட இல்லை. எதையோ மறைக்கிறார்கள்.

"ராத்திரி பிள்ளைங்க அழுவாங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"பிள்ளைங்க ரெண்டு நாள்ல சரியாயிடுவாங்க. பெத்தவங்கதான் ஒரு மாசம் போன் பண்ணி அழுவாங்க. நீங்க எப்படி, அழுவீங்களா?"

இது என்ன கேள்வி அக்கா? ஒரு பொறுப்பாளர் பெற்றவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கட்டணமும் சான்றிதழும் ஒரு பக்கம் கிடக்கட்டும். சாயங்காலம் கடையின் ஷட்டரை நான் மேலிருந்து இழுத்து விடுவேன், அவள் குனிந்து கீழ்ப்பூட்டைப் போடுவாள். அவளுக்குப் பூட்டு எட்டும் வயசிலிருந்து அப்படித்தான். போட்டுவிட்டு ஷட்டரை இரண்டு தட்டு தட்டுவாள், சரியாப் பூட்டிருச்சு என்று அர்த்தம். அவ போயிட்டா நான் இழுக்கணும், நானே குனியணும், நானே தட்டணும். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அப்படி என்ன அவசரம்? அவளைப் பிரிஞ்சு இருக்க எனக்குப் பயமா இருக்கு அக்கா, அவ்வளவுதான். லை பெங்கிட்ட இதைச் சொல்லலை. அவ வாயை மூடிக்கிட்டு இருக்கிறதும் இதே காரணத்துக்குத்தானோ என்னவோ, அதையும் நான் கேட்கலை.

ஆகவே நன்றாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். லின் யூ பெக்கோக்கிலேயே, கொடிக்கம்பம் தெரியும் தூரத்திலேயே படிப்பாள். இதை அத்தானிடமும், காலண்டர் அச்சடிப்பவர்களிடமும், இந்தச் சதியில் இருக்கும் மற்றவர்களிடமும் தெரிவித்துவிடுங்கள். இனி இதைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், சீனப் புத்தாண்டுக்குள் முழங்காலுக்கு முழுக் குணமும், பூனைக்குப் புது ரோமமும் கிடைக்கட்டும். மூத்தவர்களின் ஆசியை என்றும் வேண்டும்,

தம்பி யாப் கிம் சுவீ

பி.கு. இந்தக் கடிதம் தபாலில் போடாமல் மேசை இழுப்பறையில் மூன்று வாரம் கிடந்துவிட்டது. மேலே எழுதியதில் ஒரு மாற்றமும் இல்லை. வேறொரு விஷயம். என் நண்பர் ஒருவர் உங்கள் ஊரில் டயர்க்கடை திறக்க யோசிக்கிறார். அந்தப் பள்ளி வாசலுக்கு எதிரே கடை ஏதும் வாடகைக்கு வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள். வாசலிலிருந்து பார்த்தால் விடுதி ஜன்னல் தெரிந்தால் நல்லது என்கிறார். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. கடிதத்தை லின் யூவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

அத்தைக்கு, லின் யூ எழுதுறேன். அப்பா உறையை ஒட்டாமக் குடுத்துட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை நுழைவுத் தேர்வுக்கு என்னை அங்க கூட்டிட்டு வந்தது அப்பாதான். உங்க வீட்டுத் தெரு வழியாப் போகாம சுத்திப் போனோம். நான் பாஸ். அந்த நண்பரும் அப்பாதான். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல மட்டும் கடை பார்க்காதீங்க அத்தை, எல்லாரும் சிரிப்பாங்க. ரெண்டு தெரு தள்ளிப் பாருங்க. சாயங்காலம் பூட்டுப் போட நான் நடந்து வர்ற தூரமா இருக்கணும்.