வீட்டின் நிலை: சுமார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். வீடு மட்டும் சுமார். இது நான் சொல்வதல்ல, உன் ஆபீஸ் சொல்வது. நீயும் மாப்பிள்ளையும் எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்றே இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டை விற்றுவிட்டு உங்களோடு வந்துவிடச் சொல்லி, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தாய். பதில் கடைசியில் இருக்கிறது. நேராக அங்கே தாவாமல் வரிசையாகப் படி. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு மென்பொருளும் வீடுகளைப் பற்றிய விவரமும் தரும் கம்பெனி என்று நீ வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னபோது, யார் யார் வீட்டு விவரமோ என்றுதான் நினைத்தேன். நம் வீடும் அதற்குள் இருக்கிறது என்பது நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அறை எத்தனை, கூரை என்ன வகை, கட்டி எத்தனை வருஷம், எல்லாம் சரி. வீட்டு எண்ணை மட்டும் இருபத்தொன்பது என்று போட்டிருந்தார்கள், அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். ஆனால் கடைசிக் கட்டத்தில் 'நிலை: சுமார்' என்று இருந்ததை விட முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். என் கை பட்ட எதையும் யாரும் சுமார் என்று சொன்னதில்லை, உங்கம்மா என் சமையலைச் சொன்னதைத் தவிர.

உங்கள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். உன் அப்பா என்று சொல்லவில்லை, பயப்படாதே. ஒரு பெண் பொறுமையாகப் பார்த்து, "சார், உங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல. அதே தெருவுல மூணு வீட்டோட ஒப்பிட்டுத்தான் நிலை போடுவோம். அதுல பதினாறாம் நம்பர் மோசம்னு இருக்கு, அதுதான் உங்களக் கீழ இழுக்குது" என்றாள். பதினாறு யார்? நம் பக்கத்து வீடு. கேட்டில் முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 'முறைப்பு மாமா' என்று பேர் வைத்தாயே, அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நம் தொட்டித் தண்ணீர் வழிந்து அவர் சுவரில் இறங்கியதிலிருந்து பதினைந்து வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. வாசலில் நின்று முறைப்பது போதாதென்று இந்த மனிதர் உன் கம்பெனிக்குள்ளும் புகுந்து என் காலை வாருகிறார் என்றால், எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

லிஃப்ட்டில் எதிர்ப்பக்கத்து எடை கீழே போனால்தான் பெட்டி மேலே வரும். இங்கே தலைகீழ்; அவர் மேலே போனால்தான் நான் போக முடியும். சரி, தூக்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை அவர் குளிக்கிற நேரம் பார்த்து ஏணியோடு மதிலைத் தாண்டி, அவர் கூரையில் மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்திருந்த இலைக் குப்பையை இழுத்தேன், குப்பையோடு குழாயும் வந்தது, குழாயோடு அதைக் கட்டியிருந்த கம்பியும் வந்தது, கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு என் முகத்தில் விழுந்தது, நான் துண்டோடு போராடிய நேரத்தில் குழாய் போய் ஒரு பூந்தொட்டியை இரண்டாக்கிவிட்டது, அந்தச் சத்தத்துக்கு மனிதர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே ஓடி வந்து ஏணிக்குக் கீழே நின்று என்னை அதே பழைய பார்வை பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன். அவர் கேட்டார்: "குழாய் ரிப்பேரா? வரச் சொல்லி எட்டு மாசமாச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

முகத்திலிருந்து துண்டை எடுத்துவிட்டிருந்தேன். பத்தடி தூரம், நல்ல வெயில். அப்படியும் அவருக்கு என்னை யாரென்று தெரியவில்லை. நானும் "ஆமா சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அதிலிருந்து ஒரு வாரம் நான் குழாய்க்காரன். அவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஏணிக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான். "பக்கத்து வீட்டுல ஒருத்தன் இருக்கான், லிஃப்ட் மெக்கானிக்கு. மாடி மாடியா ஆளு ஏத்தினவனுக்கு ஒரு தொட்டி நிரம்புறது தெரியல பாருங்க" என்பார். நான் மேலே உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டே "அப்படியும் இருக்காங்க சார்" என்பேன். என்னைப் பற்றி நானே அவ்வளவு கேவலமாக ஒத்து ஊதுவேன் என்று நினைத்ததில்லை.

ஆறாம் நாள் அவர் குரல் மாறியது. "அவன் சம்சாரம் தங்கமான மனுஷி. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க தவறினப்போ, போய் ஒரு வார்த்தை கேக்கணும்னு சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு அவன் வாசல் வரைக்கும் போனேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள போறதுன்னு திரும்பிட்டேன். அது இன்னும் உறுத்துது" என்றார்.

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அவர் முன்னால் நின்றேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வந்தது. வாயில் வந்தது, "அந்தத் தொட்டியில வால்வு கோளாறு சார், வேணும்னு செய்யல" என்பதுதான்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து என் முகத்துக்கு வெகு அருகில் வந்தார். அப்புறம் மெதுவாக, "லிஃப்ட்டுக்காரரா?" என்றார்.

அன்று இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசி முடிக்க மத்தியானம் ஆனது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவருக்குக் கண் மங்கி ஐந்து வருஷமாம், கண்ணாடி போட்டுச் சரியாகிற வகையும் இல்லையாம். முதல் பத்து வருஷம் முறைத்தது முறைப்புதான் என்று ஒப்புக்கொண்டார். பிந்திய ஐந்து வருஷம் எதிரே நிற்பது யார் என்று உற்றுப் பார்த்தாராம். அதற்கும் சேர்த்து நான் பதிலுக்கு முறைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. இப்போது தினமும் காலை ஏழு மணிக்குப் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். விளம்பரத்தைக்கூட விடக்கூடாது அவருக்கு.

சரி, பதிலுக்கு வருகிறேன். அவர் வீட்டுக் குழாய், சுண்ணாம்பு, சன்னல் எல்லாம் முடிந்தது. கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பதினாறு என்று திரும்ப எழுதிவிட்டால் தீர்ந்தது. உன் ஆபீஸில் சொல்லி மறுபடி பார்க்கச் சொல். நம் வீடு 'நன்று' என்று வந்ததும் விற்றுவிடலாம், நான் வந்துவிடுகிறேன். நீ எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையில் ஏணி வைக்க இடம் இருக்குமா என்று மட்டும் பார். அங்கே அது எதற்கு என்று கேட்காதே. இவருக்குப் பேப்பர் படிக்க யாரையாவது ஏற்பாடு செய்ய வேண்டும், விசாரித்தேன், இன்னும் சரியான ஆள் அமையவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை பாருங்கள். இருவரும் நிறைவாக வாழ வாழ்த்தும்,
அப்பா.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கேட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்து, "எதுக்கு சார் பழைய நம்பர எழுதுறீங்க? இது இப்ப முப்பத்தொண்ணு, உங்களுது இருபத்தொம்போது" என்றார். தெருவுக்குப் புது எண் கொடுத்து ஆறு மாதமாம். எனக்குக் கடிதம் போட ஆளில்லாததால் தெரியாமல் போயிருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள பதினாறு தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கிற பாழடைந்த வீடு. நான் ஒரு வாரம் தொங்கிய வீட்டுக்கும் நம் வீட்டு நிலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ரிப்போர்ட், விற்பனை உட்பட. அவர் சிரித்துவிட்டு, "அப்ப நாளையிலேர்ந்து அந்தக் கோடி வீட்டுக்குப் போயிடுவீங்களா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். "ஏழு மணிக்குப் பேப்பரோட வரேன்" என்றேன். சொன்ன பிறகுதான், அது உனக்குச் சொல்ல வேண்டிய பதில் என்று எனக்கே புரிந்தது.

ஆகவே மேலே வருகிறேன் என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கோபித்துக்கொள்ளாதே, லீவு கிடைக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். உன் ஆபீஸில் சொல்லி நம் வீட்டு நிலையை மட்டும் திருத்திவிடாதே. சுமார் என்றே இருக்கட்டும். யாரும் வாங்க வராமல் இருக்க அதுதான் வசதி.