சந்தா எதுக்கு, சொந்தம் இருக்கு

அறிவுரையின் வற்றாத ஊற்றாகிய பெரியப்பா அவர்களின் பாதங்களைத் தொட்டு, தங்கள் தம்பி மகள் வாலு எழுதுவது. இங்கு நான் நலம், அம்மா நலம், நீராவி அண்ணன் மிக மிக நலம். அப்பா வலது மணிக்கட்டைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் நலம். அங்கு தாங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதம் முடியும்வரை தாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருக்க வேண்டும்.

போன மாதம் தாங்கள் தொலைபேசியில் அப்பாவுக்கு அருளிய யோசனை மாபெரும் வெற்றி பெற்றுவிட்டது. யாருக்கு வெற்றி என்பதைக் கீழே சொல்கிறேன். அவசரப்பட்டு அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், தங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும், மீதிப் பாதியை அப்பா முழுங்கியிருப்பார். நம் சலவைக்கடையில் மடிப்பு மேசையில் நிற்கும் அக்காக்கள் இருவருக்கும் அப்பா மாதாமாதம் பாதுகாப்பு நிதிக்குச் சந்தா கட்டுகிறார். முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு. வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவை நிதி பார்த்துக்கொள்ளும், படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளமும் வரும். கடல் தாண்டி வேலைக்கு வந்து, நீராவித் தேய்ப்பு இயந்திரத்தில் நிற்பதால் அந்தப் பெயர் வாங்கிய நீராவி அண்ணனுக்கு மட்டும் அது கிடையாது. இப்போது வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது, போன மாதக் கடைசிக்குள் பதிய வேண்டியிருந்தது. அப்பா அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, ஜன்னல் துடைக்கப் போட்டுவிட்டார். கண்ணாடி நன்றாகப் பளபளத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் தேய்ப்பு இயந்திரத்தின் குழாய் வெடித்து நீராவி அண்ணனின் இடது புறங்கை வெந்தது. ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, எங்கே வலிக்கிறது என்பதல்ல, நிதி எண் என்ன என்பது. எண் இல்லை. அண்ணன் தன் கைக்காசைக் கொடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அப்பா பெருந்தன்மையோடு ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தார், சின்ன சைஸ்.

மறுநாள் அண்ணன் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு நம் பாஷையைச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் அப்பாவின் வாய்தான், அதனால் அவர் பேச்சில் மரியாதையும் திட்டும் சமபங்கில் கலந்திருக்கும். “முதலாளி, என்னைப் பதிஞ்சிருங்க. இல்லன்னா அடுத்த தெரு கடைக்குப் போறேன், அவங்க பதியறேன்னு சொல்றாங்க. எனக்குப் போக இஷ்டமில்ல. ஆனா கை போச்சுன்னா என்ன பண்ணுவேன்? ஊருக்கு வெறுங்கையோட போறதுக்கும் ஒரு கை வேணுமே!”

அப்பா அப்படியே ஆடிப்போய்விட்டார். அண்ணன் போனால் கடை படுத்துவிடும். சந்தா கட்டினால் அப்பா படுத்துவிடுவார். அந்த நெருக்கடியில்தான் தங்களுக்கு போன் போட்டார். தாங்களும் “சந்தா எதுக்கு, சொந்தம் இருக்கு! பிள்ளை மாதிரின்னு சொல்லு, உருகிடுவான்” என்று மந்திரம் ஓதினீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பெரியப்பா. கடை முழுக்கக் கேட்டது. ஒரு வாடிக்கையாளர் கைகூடத் தட்டினார்.

அப்பா போனை வைத்துவிட்டு அண்ணனின் தோளில் கை போட்டார். “டேய், நீ யாரு? என் மூத்த பிள்ளை மாதிரிடா. பெத்த பிள்ளைக்கு எவனாவது சந்தா கட்டுவானா?”

அண்ணன் உருகவில்லை. முகம்தான் வாடிப்போயிற்று. பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏன் அண்ணா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? ஒரே நாள்ல மூத்த பிள்ளை ஆயிட்டீங்க. எனக்கே அந்தப் பதவி கிடைக்கல.”

“போடி எருமை. பிள்ளைன்னு சொன்னா கை ஆறிடுமா?”

“ஆறாது. ஆனா பிள்ளைன்னா என்னென்ன செலவுன்னு அப்பாவுக்குத் தெரியாது. காட்டுவோமா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அம்மா துணி எண்ணுகிற சாக்கில் எங்கள் இருவரையும் பார்த்தார். பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிங்க, அன்னைக்குத்தான் உங்கப்பா நிம்மதியாத் தூங்குவார்” என்றார். பெரியப்பா, என்னைத்தான் எல்லாரும் வாலு என்கிறார்கள். தலை யார் என்று யாருமே கேட்பதில்லை.

ஞாயிறு விடிந்ததும் அண்ணன் துணிப்பையோடு வீட்டு வாசலில் நின்றார். “அப்பா! மூத்தவன் வந்துட்டேன்!” என்ற சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள் அண்ணன் அப்பாவின் சாய்வு நாற்காலியில் அமர்ந்து அப்பாவின் செய்தித்தாளை விரித்து அப்பாவின் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார், அம்மா “என் ராசா, சர்க்கரை போதுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா தன்னை யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் குளிக்கப் போனால், அதற்குள் அண்ணன் உள்ளே புகுந்து தாழ் போட்டுவிட்டார். வெந்நீர் தீர்கிற சத்தம் வெளியே கேட்கிறது, அப்பா துண்டோடு கதவைத் தட்டுகிறார், உள்ளேயிருந்து அப்பாவின் குரலிலேயே பதில் வருகிறது: “என்ன அவசரம், பின்னாடி தீயா பிடிச்சிருக்கு?” கடையில் அப்பா தினமும் அண்ணனிடம் சொல்லுகிற வசனம், பெரியப்பா. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

வாரம் முழுக்க இப்படியே ஓடியது. “அப்பா, வண்டிச் சாவி குடுங்க, நண்பனைப் பார்க்கணும்.” “அப்பா, எனக்கு வயசாகுது, பொண்ணு பார்க்கிற உத்தேசம் உண்டா இல்லையா?” “அப்பா, கடைப் பலகையில ‘அண்டு சன்ஸ்’னு எப்ப எழுதுறோம்?” கடைசிக் கேள்விக்கு அப்பாவுக்குப் புரை ஏறி, அம்மா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் வேறு வந்து, குடும்பம் பெருகிவிட்டதாமே, வாடகையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவரை நான் அனுப்பவில்லை, சத்தியமாக. அவராகவே வந்தார். நல்ல காரியம் என்றால் நாலு பேர் தானாகக் கை கொடுப்பார்கள்.

இதில் எனக்கும் சேதாரம் உண்டு. மூத்த பிள்ளை ஆனதும் அண்ணனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. “போனை வை. புத்தகத்தை எடு. பல் தேய்ச்சியா?” என்று என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! நாடகத்தில் நடிப்பவர் வேஷத்தைக் கலைக்காமலே வீட்டுக்கு வந்தால் எப்படியிருக்கும்? ஆனாலும் அப்பா அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “இருக்கட்டும், பிள்ளைதானே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாதம் முடியப்போகிறது. அடுத்த தெருக் கடைக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டில் பேசுவது குறைந்தது.

அப்போதுதான் எனக்குக் கோட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். சலவைக்கடையில் துணி இயந்திரத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். பேனா, சீப்பு, பாதி தின்ற மிட்டாய், ஒரு முறை பல் செட்டு. விடுமுறையில் அந்த வேலை என்னுடையது. வாராவாரம் சாம்பல் கோட்டுக் கொண்டுவருகிறவரின் பையில் ஒருநாள் அடையாள அட்டை கிடைத்தது. நிதி அலுவலகத்தில் பரிசோதகர்! அட்டையை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறதி எனக்கு வேண்டும்போது வரும். சனிக்கிழமை அவர் கோட்டு வாங்க வந்தபோது, “சார், எங்க கடையில வெளிநாட்டு அண்ணன் ஒருத்தர் இருக்கார், அப்பாவைக் கொஞ்சம் விசாரிங்களேன்” என்றேன், அவ்வளவுதான்.

அவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்லாவுக்குப் போனார். அப்பாவின் முகம் வெளுத்த வெளுப்புக்கு நம் கடைச் சோப்பை விளம்பரம் செய்யலாம்.

“அங்க நிக்கிறவர் உங்க தொழிலாளிதானே?”

“அய்யய்யோ, தொழிலாளியா? என் மூத்த பிள்ளை சார்!”

“அப்படியா? அப்போ இங்க துணி தேய்க்கிறது யாரு?”

அப்பா அண்ணனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். “நான்தான் சார்.”

“நல்லதாப் போச்சு. இந்தக் கோட்டுல முதுகுப் பக்கம் சரியா வரல. தேய்ச்சுக் குடுங்க, நின்னு வாங்கிக்கிறேன்.”

அப்பா அந்த இயந்திரத்தைத் தொட்டுப் பல வருஷம். கோட்டை விரித்தார், நீராவி வரும் பக்கமாகவே குனிந்தார், மிதியை மிதித்தார். உஸ்ஸென்று ஒரு சீறல், “ஐயோ அம்மா!” என்று ஒரு அலறல். நாங்கள் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை, பெரியப்பா, எனக்குச் சிரிப்பே வரவில்லை. அண்ணன் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தி, அப்பாவின் கையைக் குழாயடியில் பிடித்தார். “இழுக்காதீங்க. தண்ணி ஓடட்டும்.” அப்பாவின் மணிக்கட்டும் அண்ணனின் புறங்கையும் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தன. ஒன்றில் புதுச் சிவப்பு, ஒன்றில் இன்னும் ஆறாத புண்.

“உனக்கும் அன்னைக்கு இப்படித்தான் எரிஞ்சுதாடா?”

“இப்படித்தான் அப்பா. ஆனா நான் மீதிச் சட்டையையும் தேய்ச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அப்பா கோட்டுக்காரர் பக்கம் திரும்பி, “சார், இப்ப கட்டினா எடுத்துப்பீங்களா?” என்றார், தேய்ந்துபோன குரலில். மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, தாராளமாக என்றார் அவர். அப்பாவின் முகம் தெளிந்து, “அப்படியே இந்த மணிக்கட்டுக்கும் ஏதாவது...” என்று ஆரம்பித்ததை மட்டும் அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

அம்மா தன் போனை நீட்டினார். நிதியின் பதிவுப் படிவத்தில் அண்ணனின் பெயர், ஊர், சம்பளம், முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு, எல்லாவற்றையும் எப்போதோ நிரப்பி வைத்திருந்தார். அப்பா இடது கைக் கட்டைவிரலால் ஒரே ஒரு அழுத்து அழுத்தினார். அண்ணனின் போன் சிணுங்கியது. எண் வந்துவிட்டது, பெரியப்பா! மடிப்பு மேசை அக்காக்கள் வெள்ளைத் துண்டைக் கொடி மாதிரி வீசினார்கள். நான் சலவைக் கூடையில் ஏறி நின்று விசிலடித்தேன். அண்ணன் அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார், மறுபடி படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தடியில் போய் நின்றார்.

“நீங்க நகருங்க முதலாளி. கோட்டை நான் பார்த்துக்கிறேன்.”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. “ஏண்டா, அப்பான்னு கூப்பிட மாட்டியா?”

“சந்தா கட்டிட்டீங்கல்ல? இனிமே நான் தொழிலாளி. அதான் எனக்குப் பெருமை.”

தங்கள் யோசனையால் விளைந்த இந்த வெற்றிக்குக் குடும்பத்தார் அனைவர் சார்பிலும் நன்றி. பெரியம்மாவுக்கு என் முத்தங்கள். தங்களின் ஆசி என் தலைமேல் பொழியட்டும், வால்மேல் அல்ல.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்,
வாலு

பி.கு.: மேலே எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். உறை ஒட்டுவதற்குள் அப்பா கடிதத்தைப் படித்துவிட்டார். திட்டவேயில்லை. அதுதான் பயம். “பெத்த பிள்ளைக்குச் சந்தாவும் கிடையாது, சம்பளமும் கிடையாது, பெரியப்பா சொன்னது சரிதான்” என்று சொல்லி, விடுமுறை முடியும்வரை விடிகாலையில் கடை திறப்பது என் வேலை என்று அறிவித்துவிட்டார். அம்மா கட்சி மாறிவிட்டார். அண்ணன் என்னை எழுப்பிவிடுவதாக வாக்களித்திருக்கிறார். பெரியப்பா, தாங்கள் உடனே போன் போட்டு, நான் அவர் பிள்ளை மாதிரியே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள்.