ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விளக்கு அணைந்தது சம்பந்தமாக

ஜோகுபாளையம், பெங்களூரு
திங்கட்கிழமை காலை

மதிப்பிற்குரிய சந்திரன் அவர்களுக்கு, முனிரத்தினம் கைகூப்பி எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதத்தான் பேனா போனது. நேற்று நடந்ததை நினைத்து நானே அதைப் பிடித்து நிறுத்திவிட்டேன். இங்கே நான், வீட்டுக்காரி, மகள் பார்கவி மூவரும் சுகம். அங்கே உங்கள் வீட்டு அம்புஜம் அம்மாவுக்குப் படபடப்பு அடங்கியதா, உங்கள் பிள்ளை, தம்பி கிஷோர் சாப்பிட்டாரா என்று தெரியவில்லை. ஆறு தடவை போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் கூப்பிடு தூரத்தில் இருக்கிற உங்கள் ஈஜிபுராவுக்குப் போய்த் தபால். தபால்காரரைப் பார்த்து யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேய் இல்லை. ஃபேன்தான் இருக்கிறது. அதை மாட்டிய புத்திசாலி நான்.

பார்கவி வீட்டிலிருந்தபடியே ஒரு கட்டடக் கம்பெனிக்குப் படம் போட்டுக் கொடுக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள், சின்ன வீடு என்பதால் பெட்டியும் சின்னது, குக்கர் வாங்கினால் ஓர் அட்டைப்பெட்டி தருவார்களே அந்த அளவு, பிளக் பாயின்ட் பூஜை அலமாரிக்குக் கீழேதான் என்பதால் சாமி காலடியில் அது உட்கார்ந்திருக்கிறது. வேலை ஏற ஏற அது தோசைக்கல் மாதிரி காய்ந்து பாதியிலேயே அணைந்துபோகும், இவள் தலையில் கைவைத்துக்கொள்வாள். "கூட ரெண்டு ஃபேன் போட்டா சரியாயிடும்பா, கடையில குடுத்துடறேன்" என்றாள். நான் விடுவேனா? பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷம் எக்ஸாஸ்ட் ஃபேன் பிட்டராக இருந்தவன் வீட்டு ஃபேனைக் கடைக்காரன் மாட்டுவதா? "கோழிப்பண்ணைக்கு ஆள் உசர ஃபேன் மாட்டினவன்மா நான்" என்றேன். "அப்பா, இது கோழி இல்ல" என்றாள். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஃபேன் வாங்கினேன். பெட்டிக்குள் ஃபேன் வயரைச் சொருக ஒரே இடம்தான் காலி என்பதால், ஒரு முனை இரண்டாகப் பிரிகிற வயர் ஒன்றும் வாங்கினேன். இதுவரை நான் செய்தது எல்லாம் சரி. ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் வீட்டுக்காரி வந்து நின்றாள். "புதுப்பொருளை அப்படியேவா மாட்டுவீங்க?" நியாயம்தானே. மஞ்சள் தடவி, ஃபேன் ஓரத்துச் சட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்து ஆளுக்கொரு குங்குமப் பொட்டு வைத்தேன். காற்று எந்தப் பக்கம் போகும் என்று காட்டுகிற அம்புக்குறி அந்த நல்ல இடத்தில்தான் இருந்திருக்கிறது. பொட்டுக்கு அடியில் அம்பு போயிற்று, குத்துமதிப்பாக மாட்டினேன், இரண்டும் காற்றை உள்ளேயே இழுத்தன. வெளியே தள்ள ஆள் இல்லை.

சத்தத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு ஃபேன் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் ஒன்று சற்று முந்தும், ஒன்று பிந்தும். அப்போது ஊம்ம்ம் என்று ஏறி, ஊம்ம்ம் என்று இறங்கும். கம்பெனியில் கேட்டுப் பழகிய காது இது. ஆனால் சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு முத்தம்மா கதவைத் தட்டி, "ஊர்லேருந்து பெரியவங்க யாரன்னா வந்துக்கிறாங்களா? விடிஞ்சதுலேருந்து மொணகினே கீறாங்களே, வாய்க்குத் தண்ணி குடுங்களேன்" என்றபோது நானே ஒரு தடவை அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டது உண்மை.

நேற்று பதினோரு மணிக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் காரணத்தோடு இன்னொரு தடவை படியுங்கள். வெற்றிலை பாக்குத் தட்டை நீங்கள் நீட்டினீர்கள், நான் கை நீட்டினேன், அந்த நேரம் பார்த்து சாமி விளக்குச் சுடர் மெல்லச் சாய்ந்து, கீழே யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி படுத்துக்கொண்டது. அம்புஜம் அம்மா முந்தானை தானாக எழுந்து அலமாரிப் பக்கம் நீண்டது. "உள்ள யாரு இருக்காங்க?" என்றார்கள். "யாரும் இல்லீங்கம்மா, எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றேன். "அப்ப மூச்சு விடறது யாரு?"

அது யாருடைய மூச்சு என்று பார்க்க நாம் எல்லோரும் அவரவர் மூச்சைப் பிடித்தோம். நீங்களும் பிடித்தீர்கள், நான் பார்த்தேன். மூச்சு மட்டும் நிற்கவில்லை. விளக்கு அணைந்தது. புகை மேலே போகாமல் நூல் மாதிரி கீழே இறங்கிப் பெட்டிக்குள் போயிற்று. நீங்கள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு "இன்னொரு நாள் பாக்கலாங்க" என்றீர்கள். எல்லாம் இழுக்கிற ஃபேன் வேலை. சத்தம் உங்களை வாசல்வரை வழியனுப்ப வந்ததுபோலத் தோன்றியதும் சுவரில் எதிரொலித்ததுதான். நீங்கள் ஆட்டோ ஏறியதுமே சட்டென்று நின்றது. பார்கவி சுவிட்சை அணைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை, கேசரியைத் தொடவும் இல்லை. படியிறங்கும்போது தம்பி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். என் கைக்கோளாறுக்காக இந்த இரண்டு பேரைப் பிரித்துவிடாதீர்கள். அம்பைப் பார்த்து ஃபேனைத் திருப்பி மாட்டிவிடுகிறேன், வேண்டுமானால் பெட்டியையே தூக்கிப் போட்டுவிடுகிறேன். நல்ல நாள் ஒன்று பார்த்து, அதே தட்டோடு மறுபடி வாருங்கள்.

அம்புஜம் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். தம்பி கிஷோருக்கு நிறைந்த ஆயுளும் மாறாத மனசும் அமைய எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
முனிரத்தினம்

பி.கு.: கவரை ஒட்டுமுன் பார்கவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். எழுந்துபோய்த் துணி அலமாரியிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிரித்தேன். இரண்டு ஃபேன், பொட்டு கலையாமல். "சனிக்கிழமை சாயங்காலம் நீங்க முந்திரி வாங்கப் போனப்பவே கழட்டிட்டேன்பா. வர்றவங்க முன்னாடி எதுக்கு சத்தம்னு மெஷினை ஆஃப் பண்ணி பிளக்கையும் பிடுங்கிட்டேன். நேத்துலேருந்து நான் எதுக்குப் பேசாம இருக்கேன்னு நினைச்சீங்க?"

ஆகவே மேலே ஃபேன் என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். திரும்ப எழுதக் கை ஓடவில்லை. நீங்கள் போனதிலிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முத்தம்மாகூட இப்போதுதான் கேட்டுவிட்டுப் போகிறாள், "இன்னா, பெரியவங்க கிளம்பிட்டாங்களா?" என்று. கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது, உங்கள் ஆட்டோவில். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் முன்னாலேயே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு நாம் சம்பந்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்? தேதியை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், சம்பந்தி. உங்கள் சாமி விளக்கு இப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்து ஒரு வரி எழுதவும்.