சம்பந்திக்கு, நீலக் கார்டு விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும்,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். போன கடிதத்தில் இந்த வரி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அப்போது யாரும் நலமாக இல்லை. அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடவும். கல்யாணம் நடக்கிறது. அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

அன்றைக்குப் பதற்றத்தில் விஷயத்தைத் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் எழுதிவிட்டேன். என் மகளும் உங்கள் மகனும் பழகியதே அந்தக் கார்டு விளையாட்டுக் கிளப்பில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விளையாட்டில் சிவப்புக் கார்டு அடிக்கும், நீலக் கார்டு தடுக்கும், பச்சைக் கார்டு அடிபட்டதைத் தேற்றும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யக் கூடாது. சொந்தமாகக் கார்டு வரைந்து கொண்டுவரலாம், நடுவர் ஒப்புக்கொண்டால் ஆட்டத்தில் சேர்ப்பார்கள். நடுவர் நம் மாப்பிள்ளை. என் மகள் ‘பொறுமை இழந்த குளம்’ என்று ஒரு நீலக் கார்டு வரைந்தாள். மற்ற நீலக் கார்டுகளைப் போல அதுவும் அடியை வாங்கிக்கொண்டே கிடக்கும். திடீரென்று ஒரு நேரத்தில் வாங்கியதையெல்லாம் சேர்த்து ஒரே அடியாகத் திருப்பிக் கொடுக்கும். கொடுத்ததும் வற்றிப்போய் ஆட்டத்தைவிட்டு வெளியேறிவிடும். பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை, படம் பிரமாதம். மாப்பிள்ளை அதைக் கையில்கூட வாங்கவில்லை. “நீலம் அடிக்கக் கூடாது. அடிச்சா அது நீலமே இல்ல” என்றார். “நான் விதியை உடைக்கல, கொஞ்சம் வளைச்சிருக்கேன், அவ்வளவுதான்” என்றாள் இவள். “எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் வளைச்சா அப்புறம் விதின்னு எதுக்கு?” என்றார் அவர். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஒரு கார்டுக்கே இடம் குடுக்காத மனுஷன் வீட்ல எனக்கு எங்கப்பா இடம் இருக்கும்? கல்யாணமே வேண்டாம்” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணம் நின்றுவிட்டது என்று அந்தப் பதற்றத்தில் எழுதியதுதான் போன கடிதம்.

கல்யாணத்தை விட்டாலும் கார்டை விடுவதாக இல்லை அவள். கிளப்பில் எல்லோர் முன்னாலும் மறுபடி வைத்துக் கேட்கப் போவதாகச் சொல்லி, அச்சடித்து வாங்கிவர என்னை அனுப்பினாள். நானோ காலமெல்லாம் பெயிண்ட் கடையில் நின்றவன். நிறம் பிடிக்கவில்லையா, மாற்றிக் கொடு, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த சமாதானம் இது ஒன்றுதான். அச்சகக்காரரிடம், “நீலத்தை எடுத்துட்டு நல்ல சிவப்பாப் போட்டுக் குடுங்க” என்றேன். “குளம் சிவப்பா இருக்குமா சார்?” என்று கேட்டார். “சாயங்கால வெயில்ல இருக்கும்” என்று சமாளித்தேன். அடிக்கிற கார்டு சிவப்பாக இருந்தால் மாப்பிள்ளை மறுக்க மாட்டார், கல்யாணமும் தப்பிக்கும் என்பது என் கணக்கு.

கிளப் என்பது தையல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. என் மகள் உறையைப் பிரித்தாள், கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். “அப்பா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றாள். மாப்பிள்ளை அதை வாங்கி, “இப்ப விதிப்படிதானே இருக்கு, ஆடிப் பார்ப்போம்” என்று உட்கார்ந்தார். எதிரே ஒரு பல் டாக்டர். அவர் சிவப்பைக் கண்டதும் உஷாராகி அந்தக் கார்டு இருக்கும் பக்கமே போகவில்லை. அடி வாங்காத குளத்துக்குத் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? கடைசி வரை சும்மாவே கிடந்தது. மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம், என்மேல்! “என்ன மாமா இப்படிக் கெடுத்துட்டீங்க? சிவப்பா இருந்தா யாரு கிட்ட வருவாங்க? நீலமா இருக்கிறதாலதான் எல்லாரும் அலட்சியமா அடிச்சுட்டே இருப்பாங்க. இதோட உயிரே அந்த நீலத்துலதான் இருக்கு!” என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தான் இவ்வளவு நேரமும் யார் பக்கம் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது.

“அப்ப இடம் இருக்கா?” என்று கேட்டாள் என் மகள்.

“இருக்கு. ஆனா அடிச்சதும் ஆட்டத்தை விட்டுப் போயிடும்னு எழுதியிருக்கியே, அதை மட்டும் எடுத்துடு. அடிச்சாலும் இங்கயே இருக்கட்டும்” என்றார் மாப்பிள்ளை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சம்பந்தி. பல் டாக்டர் தண்ணீர் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை இருவரும் முறை வைத்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள். திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

ஆகவே நீங்கள் இருவரும் மனக்கவலையை விட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, முன்கூட்டியே வந்திருந்து கல்யாணத்தை நடத்தித்தர வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
இனி எந்த நிறத்தையும் தொடாத,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இருவரும் வந்தார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகக் குடும்பத்தில் ஆளுக்கொரு கார்டு வரைகிறார்களாம். எனக்கு நிறமே கிடையாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. சிக்கல் உங்கள் கார்டில். அப்பா நீலம்தான் என்கிறார் மாப்பிள்ளை. மாமா சுத்தச் சிவப்பு என்கிறாள் என் மகள். பேச்சு முற்றி, இவள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். மேலே எழுதியதையெல்லாம் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். போன கடிதத்தைக் கிழித்திருந்தால் ஒட்டி வையுங்கள். உடனே அவளுக்குப் போன் போட்டு, நீங்கள் நீலம்தான் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது மட்டும் தயவுசெய்து கத்திவிடாதீர்கள்.