ஹேட்டிக்கு அடித்தது எந்தப் புட்டி

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு,
வியாழக்கிழமை, நேரம் கேட்காதீர்கள்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் மெரிடித் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகன் வேட், பேத்தி ஹேட்டி மூவரும் நலம். எல்லாக் கடிதத்திலும் எழுதுவார்களே, அந்த நலம் இல்லை இது. இன்று சாயங்காலம்தான் உறுதியான, புத்தம்புது நலம். அரிசோனா வெயில் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறது என்றும், அத்தை அங்கே புதிதாகச் சீட்டாட ஆள் பிடித்துவிட்டார் என்றும் அறிந்து மகிழ்ச்சி. ஃபோனிலேயே எல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் ஆயுள் முழுக்கக் காதை மூடாமல் துப்பாக்கி சுட்டவருக்கு நான் சொல்வதில் பாதிதான் விழும், விழுந்த பாதிக்கு நீங்கள் சிரித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நாளை மறுநாள் எல்க் மான் வேட்டை தொடங்குவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் தெற்கே கிளம்பும்போது வீட்டிலேயே தோட்டா செய்கிற உங்கள் பிரஸ்ஸை எங்கள் கேரேஜில் பொருத்திக் கொடுத்து, உங்கள் மகனுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினீர்கள். நானும் ஹேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று கேட்டேன். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் நாலு வேலை, தட்டு தானாகச் சுற்றும், ஒரு பக்கம் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு அச்சுக்குள் போய் இறுகி வடிவத்துக்கு வரும், அடுத்த பக்கம் வெடிமருந்து விழும், அதற்கடுத்து குண்டு உட்காரும், எல்லாம் சரி. கூட்டின் மேல் மெல்லிசாக மசகு பூசாமல் அச்சுக்குள் விட்டால் அது திரும்பி வராது என்றும் சொன்னீர்கள். அது எனக்கு உடனே புரிந்தது, ஏழாம் மாதத்தில் என் விரலில் கல்யாண மோதிரம் சிக்கிக்கொண்டதே, அந்தச் சங்கதிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம் மாமா. "மசகைக் கடையில வாங்காதடா, வீட்டுலயே கலக்கிடலாம், லானோலினும் ஸ்பிரிட்டும்தான், காலிப் புட்டி எதுவா இருந்தாலும் சரி" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தையால் வந்த வினையைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன்.

இன்று மத்தியானம் உங்கள் மகன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து மசகு கலக்க உட்கார்ந்தார். லானோலின் எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற கொழுப்பு, பால் கொடுக்கிற தாய்மாருக்கென்று சின்னக் குழாயில் விற்கிறார்கள், மற்றதை அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் அலமாரியிலிருந்து என்னைக் கேட்காமல் எடுத்து, வெந்நீரில் வைத்து இளக்கி, ஸ்பிரிட்டோடு சேர்த்து, ஒரு காலிப் புட்டியில் ஊற்றிக் குலுக்கியிருக்கிறார். அந்தக் காலிப் புட்டி, நான் ஹேட்டிக்காக வாங்கிய மூன்று ஸ்ப்ரே புட்டிகளில் ஒன்று. மூன்றும் ஒரே வெள்ளை, ஒரே மூடி. இன்னொன்றில் சீமைச்சாமந்தி ஊறிய தண்ணீரும் இரண்டு சொட்டு பாதாம் எண்ணெயும் கலந்து வைத்திருந்தேன், டயப்பர் மாற்றும்போது துடைக்க. குழந்தைக்குப் பின்பக்கம் இரண்டு வாரமாகச் சிவந்து கிடக்கிறது, டாக்டர் கொடுத்த களிம்புக்கும் அடங்கவில்லை. உங்கள் மகன் கலக்கி முடித்த புட்டியை என் புட்டிக்குப் பக்கத்தில், சமையலறை ஜன்னல் திட்டில், ஜோடியாக வைத்துவிட்டு, கூட வேட்டைக்கு வருகிற ரூடி ஃபோன் பண்ணினார் என்று பிக்கப் வண்டியில் சக்கரத்துக்கான பனிச் சங்கிலி ஏற்றப் போய்விட்டார்.

நான் வந்தேன், ஒரு புட்டியை எடுத்தேன், போனேன், டயப்பரைக் கழற்றினேன், அடித்தேன். ஹேட்டி வீடு அதிர ஒரு அலறல் அலறினாள். எப்போதும் அதை அடித்தால் சிரிக்கிற குழந்தை மாமா! திரும்பி வந்து பார்த்தால் திட்டில் இன்னொரு புட்டி நிற்கிறது, அடியில் வெந்நீர்ப் பாத்திரம், அதில் பிதுக்கிப்போட்ட என் லானோலின் குழாய். முகர்ந்து பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். வீட்டில் மூன்று பேருக்கும் ஜலதோஷம், மூக்கு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் இரண்டும் பிசுபிசு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்டிக்.

குழந்தையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விஷ உதவி எண்ணுக்கு அடித்தேன். என்ன பட்டது என்று அந்தப் பெண்மணி கேட்டார். தோட்டாக் கூட்டுக்குப் பூசுகிற மசகு என்றேன், ஆனால் அது மசகா சீமைச்சாமந்தித் தண்ணீரா என்று தெரியாது என்றேன். அவர், "எங்க வீட்டுக்காரரும் இந்த வாரம் பூரா கேரேஜ்லதாம்மா" என்று பெருமூச்சு விட்டார். குழந்தை பால் குடிக்கிறாளா, விழித்துப் பார்க்கிறாளா, மூச்சு சீராக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து, "ஒரு தடவை தோல்ல அடிச்சு உடனே கழுவிட்டீங்க, பயப்பட ஒண்ணுமில்ல, ராத்திரி வரைக்கும் கண்ணை எடுக்காம பாத்துக்கோங்க, சோர்ந்து போனா உடனே கூப்பிடுங்க" என்றார். நல்ல மனுஷி. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதும் பயம் போய்விடுகிற மாதிரியா என்னைப் பெற்றிருக்கிறார்கள்? எது பட்டது என்று தெரிகிற வரை குழந்தையைத் தோளை விட்டு இறக்குவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

உங்கள் மகன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போய், ஹேட்டியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லூரியில் உளவியல் படித்தபோது சோதனை முறை என்று ஒரு பாடம் எனக்கு இருந்தது, நல்ல மதிப்பெண். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "குழந்தைக்கு அடிச்ச புட்டியை எடுத்துக் கூட்டுக்கு அடிங்க. கூடு வழுக்கிக்கிட்டு வந்தா அது உங்க மசகு. சிக்கினா அது என் சீமைச்சாமந்தி" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "மெரி, சிக்கினா அச்சு போயிடும். அப்பாவோட அச்சு. சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு தோட்டாகூட ஆகலை" என்றார். நான் குழந்தையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காட்டினேன்.

கேரேஜுக்குப் போனோம். கூடுகளைத் தட்டில் பரப்பி அடித்தார், ஒன்றை எடுத்துப் பிரஸ்ஸின் சுழல்தட்டில் சொருகினார், "ம், இழுங்க, இழுங்க" என்றேன், இழுத்தார். கைப்பிடி பாதியில் நின்றது. தூக்கப் பார்த்தார், நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஒரே தம். டப்பென்று விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது, கூடு அச்சுக்குள்ளேயே குடியேறிவிட்டது. "போச்சு" என்று உங்கள் மகன் ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கிற? அச்சு போச்சு, சனிக்கிழமை போச்சு."

"சிக்கிடுச்சுல்ல? நல்லாச் சிக்கிடுச்சுல்ல?"

"இதுக்கு மேல சிக்க முடியாது."

"அப்போ அது தண்ணிதான்!"

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. எழுந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார், என் சட்டை முழுக்கக் கரி. ஹேட்டி ஏன் அலறினாள் என்பதும் பிறகு புரிந்தது. ஜன்னல் குளிரில் திட்டில் இருந்த புட்டி பனி மாதிரி சில்லிட்டிருந்தது, உங்களுக்கு அடித்தாலும் அலறுவீர்கள். சந்தோஷத்தில் இரண்டு புட்டியையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன், இனி இந்த வீட்டில் அந்த வெள்ளைப் புட்டியே கிடையாது.

ஆகவே மாமா, உங்கள் அச்சுக்காக என்னை மன்னிக்க வேண்டும். நாளைக்கு உங்கள் மகன் ஹாமில்டன் போய்க் கடைத் தோட்டா வாங்கப் போகிறார். அதை ரூடி பார்க்காமல் எப்படித் துப்பாக்கியில் போடுவது என்றுதான் இப்போது அவருக்குக் கவலை, பழைய கூட்டுப் பெட்டிக்குள் மாற்றி வைக்கலாமா என்று என்னையே கேட்கிறார். நம் குடும்பத்தில் யாரும் கடைத் தோட்டாவோடு மலையேறியதில்லையாம். பேத்திக்காக ஒரு வருஷம் ஏறலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை ஃபோனில் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார். நான் சொன்னால் எடுபடவில்லை.

உங்களுக்கும் அத்தைக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் வலியில்லாமல் மடங்க, அத்தையின் சீட்டு ஜெயிக்க, குளிர்காலம் முழுக்க உங்கள் ஆசி இந்தச் சின்னவளுக்கு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்
மெரிடித்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மகன் காலுறையோடு வந்து வாசலில் நின்றார். "மெரி, சொல்லாம இருந்தா தூக்கம் வராது. ஸ்பிரிட் முழுசாக் காயற வரைக்கும் காத்திருக்கணும்னு அப்பா சொன்னாரு. நீ 'இழுங்க, இழுங்க'ன்னு நின்னதுல ஈரத்தோடயே இழுத்துட்டேன். ஈரமா இருந்தா லானோலின்கூடச் சிக்கத்தான் செய்யும்" என்றார். ஆக, சோதனையில் ஒன்றுமே நிரூபணமாகவில்லை. மறுபடி பார்க்கலாம் என்றால் புட்டி இரண்டும் தொட்டியில் போய்விட்டன. ஓடிப்போய் டயப்பரைப் பிரித்துப் பார்த்தேன். பால் குடித்துவிட்டு, விரலைச் சப்பிக்கொண்டு, தெம்பாக என்னை ஓர் உதை உதைத்தாள். மாமா, இரண்டு வாரமாக இருந்த சிவப்பைக் காணோம். பட்டு மாதிரி இருக்கிறது. உங்கள் மசகுக்கு லானோலின் எவ்வளவு என்று சரியான அளவை எழுதி அனுப்புங்கள். ஸ்பிரிட் சேர்க்காமல் செய்யலாமா என்பதையும்.