கிழக்கு மதிலும் முதல் பிரசவமும்

ஒத்தக்கடை,
ஐப்பசி மாதம், 1977

சிரஞ்சீவி மாப்பிள்ளை வெங்கட்ரமணனுக்கு ஹாலாஸ்யம் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் முழங்காலுக்கு மேலே எல்லாரும் க்ஷேமம். பம்பாயில் நீங்களும் நாகலக்ஷ்மியும் முழுசாக க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நாகலக்ஷ்மியை இப்போது அனுப்ப வேண்டாம். முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. பெற்றவனே பெண்ணை வராதே என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அவளுக்காக ஒழித்து வைத்த அறையில் தவளைகள் குடும்பத்தோடு குடியேறிவிட்டன, உங்கள் மாமியார் அகிலாண்டம் சாப்பாட்டு மேஜை மேல் ஸ்டவ்வை வைத்து, பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்து சமைக்கிறாள், ரசம் வேண்டுமென்றால் நான் முழங்கால் தண்ணீரில் நடந்து வர வேண்டியிருக்கிறது, நீந்தத் தெரிந்திருந்தால் இன்னும் சௌகரியம். கோடையில் மனை வாங்கியபோது இங்கே ஒரு பள்ளம் இருந்தது. குப்பை கொட்டத் தோண்டினார்கள் என்று நினைத்து மண் அடித்து நிரப்பி, திருடனுக்குப் பயந்து கிழக்கே ஆளுயரத்துக்கு மதில் எழுப்பி, உச்சியில் கண்ணாடிச் சில்லும் பதித்தேன். அது கண்மாய்க்குத் தண்ணீர் போகும் வாய்க்காலாம். இப்போது மேற்கே கேட் வழியாக உள்ளே வரும் வெள்ளம் கிழக்கு மதிலில் முட்டிக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஆபீஸுக்கு ஓடினேன். மாடியில் மனைக்கு அனுமதி கொடுப்பவர்கள். கீழே கண்மாயைக் கவனிப்பவர்கள். மாடி வரைபடத்தில் என் வீடு இருக்கிறது, வாய்க்கால் இல்லை. கீழ் வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிறது, என் வீடு இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்களேன் என்று கெஞ்சினேன்.

"யாரு சார் படியேறுறது?" என்றார் கீழே இருந்தவர்.

திரும்பி வந்தால் கண்மாய்ப் பாசனக்காரர் சோணைமுத்து கடப்பாரையும் ஆட்களுமாக நிற்கிறார். "சாமி, இம்புட்டுத் தண்ணியவும் ஒங்க மதிலு மறிச்சு வச்சிருக்கு. கம்மாயில சொட்டுத் தண்ணி இல்ல, நட வழியில்லாம நாத்து முத்திப்போச்சு. வழி விடுங்க சாமி" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மதில் என் ஆயுள் உழைப்பு, மாப்பிள்ளை! முடியாது என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

பேரனுக்குச் சொக்கநாதன் என்று தன் பெயரையே வைப்பதாக உங்கள் அப்பா எழுதியிருந்தார். பரம சந்தோஷம். அவருக்கும் உங்கள் அம்மாவுக்கும் எங்கள் நமஸ்காரம். குழந்தைக்குத் தீர்க்காயுசு.

இப்படிக்கு,
ஹாலாஸ்யம்

பி.கு.: கவரை ஒட்ட நான் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது அகிலாண்டம் கொல்லைக் கதவைத் திறந்து, சோணைமுத்துவிடம் "இடிச்சுடுங்கோ. எனக்கு என் பொண்ணு வரணும்" என்று சொல்லிவிட்டாள். மதில் போயிற்று. தண்ணீர் கண்மாய்க்குப் போயிற்று, தவளைகளும் கூடவே போயின. ஆகவே மேலே எழுதியதை மறந்து நாகலக்ஷ்மியை உடனே அனுப்பவும். ஒரே ஒரு சங்கடம். தண்ணீர் வடிந்தால் பேரனுக்குக் கண்மாய் மடையைக் காக்கும் சாமியின் பெயரையே வைக்கிறேன் என்று அகிலாண்டம் எல்லார் முன்னிலையிலும் வேண்டிக்கொண்டுவிட்டாள். சாமி பெயர் கருப்பு. "நம்ம கருப்பு எப்ப சாமி வாராரு?" என்று சோணைமுத்து இப்போதே கேட்கிறார். உங்கள் அப்பாவிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லவும். பெண் குழந்தையாகப் பிறக்க வேண்டுமென்று நான் தனியாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.