சத்துர்னினோவின் இருநூறு கிழங்குகள்

உருளைக்கிழங்கை நடுகிறவர்கள் உண்டு, தின்கிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு பிறவியும் உண்டு: எண்ணுகிறவர். எங்கள் ஆண்டிஸ் மலையில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவர் வீட்டு வழியாகப் போனால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கமாட்டார், "உங்ககிட்ட எத்தனை ரகம் இருக்கு?" என்பார். நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அவரிடம் ஒன்று கூடுதலாக இருக்கும்.

எங்கள் ஊரில் அவர் பெயர் சத்துர்னினோ. கறுப்பு, ஊதா, வெளியே சிவந்து உள்ளே வெளுத்தது, விரல்போல் நீண்டது, மலைச்சிங்கமான பூமாவின் பாதம்போல் பிளந்தது, புது மருமகளிடம் உரிக்கக் கொடுத்தால் அவள் அழுதுவிடும்படி முண்டும் முடிச்சுமாக இருப்பது என்று இருநூறு ரகம் அவர் கூடைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நிறையக் கிழங்குள்ள ரகத்தை வயலில் போடுவார். ஒற்றைக் கிழங்காக நிற்பதை மட்டும் நடவே மாட்டார். மண்ணுக்குள் போனால் பனி கருக்கும், பூச்சி குடையும். கூடையில் இருந்தால்? வாடும். வாடினால் என்ன, எண்ணிக்கை குறைந்துவிடுமா?

முந்தின வருஷப் பனியில் பக்கத்து வீட்டுத் தெயோபிலாவுக்கு விதைக்குக்கூட ஒரு கிழங்கு மிஞ்சவில்லை. அவளுடைய மேட்டு வயலில் பனியைத் தாங்குவது பூமாப் பாதம் ஒன்றுதான். நடவு சமயத்தில், உதவி கேட்டுப் போகிறவர்களின் வழக்கப்படி, மெல்லுவதற்கு ஒரு பிடி கோகா இலையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தப் பூமாப் பாதத்தக் கொடுங்க. நான் கொடுத்த கிழங்கோட பிள்ளைதானே அது?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு."

"நட்டா பத்தாகும். அஞ்சு உங்களுக்கு."

"பத்தானாலும் ரகம் ஒண்ணுதானே? பனி அடிச்சா நூத்துத் தொண்ணூத்தொம்பது ஆயிடும். விதைத் திருவிழாவுல யாருகிட்ட ரகம் அதிகமோ அவனுக்குத்தான் பரிசு. போட்டிக்கு வர்ற மேலூர்க்காரன் என்னப் பாத்துச் சிரிக்கவா?"

"என் பிள்ளைங்க எதத் திங்கும்?"

"இலை நல்லாருக்கு" என்று சத்துர்னினோ மென்றார்.

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவள்மேல் அவருக்கு அன்பு உண்டு. எண்ணிக்கைமேல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அவர் மனைவி பௌஸ்தினா சூப்பைக் கிண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் வயலுக்குப் போனதும் பூமாப் பாதத்தை எடுத்துத் தெயோபிலாவிடம் கொடுத்தாள்; ஓடையில் பொறுக்கிய கல் ஒன்றுக்குச் செம்மண் பூசி அந்த இடத்தில் வைத்தாள். விஷயம் கசிந்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். அவர்களுக்கும் அப்படியே. பதினோரு கல். சத்துர்னினோ தினமும் எண்ணினார். இருநூறு. நிம்மதியாகத் தூங்கினார்.

கையில் எடுத்துப் பார்க்கமாட்டாரா என்பீர்கள். எண்ணுகிறவர் என்றைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்?

அறுவடை முடிந்து திருவிழா வந்தது. நகரத்திலிருந்து நடுவராக வந்த விவசாய இன்ஜினியர், சுருங்கிப்போய் முளைவிட்ட கிழங்குகளையெல்லாம் தாண்டி வந்து கல்லருகே நின்றுவிட்டார்.

"போன வருஷத்துக் கிழங்கா இது? ஒரு சுருக்கம் இல்லையே!"

"வளப்பு அப்படிங்கய்யா! நாள் முழுக்க வேகவச்சாலும் குழையாது."

பௌஸ்தினா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் பரிசு சத்துர்னினோவுக்கே. என்ன பரிசு என்கிறீர்களா? ஒன்றைப்போலவே ஒன்றாக, பண்ணையில் விளைந்த வெள்ளைக் கிழங்கு ஒரு மூட்டை.

திரும்பும் வழியில் தெயோபிலாவின் வயலில் மண்கட்டி அடுக்கிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பிள்ளைகள் வாயெல்லாம் கரியாகத் தின்றன. அவருக்கும் ஒன்று நீட்டினாள். கடித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன ரகம்மா இது?"

"பூமாப் பாதம் அண்ணே. உங்க கூடையில இருந்ததுதான்."

பௌஸ்தினா எல்லாவற்றையும் சொன்னாள், பதினோரு கல்லையும் சேர்த்து.  சத்துர்னினோ விரல்விட்டு எண்ணினார். முகம் மெல்ல மலர்ந்தது.

"கல்லு பதினொண்ணும் அப்படியே இருக்கட்டும். வாங்கினவங்க ஆளுக்கு ஒரு கிழங்கு திருப்பிக் கொடுத்தா இருநூத்துப் பதினொண்ணு!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, உங்கள் அலமாரியில் இன்னும் பிரித்தே பார்க்காத புத்தகங்கள் எத்தனை என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அதில் ஒன்றை யாரோ இரவல் கேட்டபோது என்ன சொல்லி அனுப்பினீர்கள்?